வெளுத்த பம்பர், துருப்பிடித்த குரோம், விறைத்த பீடிங்: வாசகர் கேள்வி – பதில்

பழைய வண்டிகளின் வெளிப்புறக் கறுப்புப் பிளாஸ்டிக், குரோம், ரப்பர் பற்றி வந்த கடிதங்களை இந்த இதழுக்காகச் சேர்த்து எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: 2004 மாடல் மாருதி 800 ஸ்டாண்டர்டு வைத்திருக்கிறேன். முன், பின் பம்பரும் சைடு மிரர் மூடியும் சாம்பல் பூத்துக் கிடக்கின்றன. டாஷ்போர்டு பாலிஷ் போட்டால் பளபளவென்று கறுக்கிறது. ஒரு மழை பெய்தால் பழைய கதைதான். நிரந்தரமாக ஏதாவது வழி உண்டா? – வாசகர், தூத்துக்குடி

பதில்: நிரந்தர வழி கிடையாது. ஆனால் முறையாகச் செய்தால், நிழலில் நிற்கும் வண்டிக்கு இரண்டு வருடம் வரை கறுப்பு நிற்கும். வெயிலிலேயே கிடக்கும் வண்டிக்கு ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இது ஏன் வெளுக்கிறது என்று பார்ப்போம். பெயின்ட் அடிக்காத பம்பர் பெரும்பாலும் பி.பி. எனப்படும் பாலிப்ரொப்பிலீன். அதில் கறுப்புக்காகக் கரித்தூளும், வெயிலைத் தாங்குவதற்கான சில மருந்துகளும் கலந்திருக்கும். வருடக்கணக்கில் வெயில் பட்டதும் அந்த மருந்து தீர்ந்துவிடும். பிறகு புற ஊதாக் கதிர் மேற்பரப்பின் பிளாஸ்டிக்கை உடைக்கத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் விழும். அந்த வெடிப்புகளில் பட்டு வெளிச்சம் சிதறுவதால்தான் கறுப்பு நமக்குச் சாம்பலாகத் தெரிகிறது. கெட்டுப்போவது மேலே உள்ள மிக மெல்லிய அடுக்கு மட்டுமே. அதற்கு அடியில் பிளாஸ்டிக் கறுப்பாகத்தான் இருக்கிறது. டாஷ்போர்டு பாலிஷில் இருக்கும் சிலிக்கான் எண்ணெய் அந்த வெடிப்புகளை நிரப்புவதால் கறுப்பாகத் தெரிகிறது. அது பிளாஸ்டிக்கோடு ஒட்டுவதில்லை, மேலே மிதக்கிறது. மழையும் ஷாம்பூவும் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

வேலையைத் தொடங்குமுன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். பம்பரில் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். ஈரமாக இருக்கும்போது நல்ல கறுப்பாகி, காய்ந்ததும் வெளுத்தால் மீட்க முடியும். ஈரத்திலும் சாம்பலாகவே இருந்தால் மேற்பரப்பு மாவாகிவிட்டது என்று பொருள். அதைத் தேய்த்து எடுத்த பிறகே வேறு எதுவும் செய்ய வேண்டும். இரண்டாவதாக, நம்பர் பிளேட்டின் ஸ்க்ரூவைக் கழற்றிப் பின்னால் பாருங்கள். வெயில் படாத அந்தச் செவ்வகத்தில் கம்பெனி கொடுத்த நிறமும் சொரசொரப்பும் அப்படியே இருக்கும். சில மாடல்களில் அது கறுப்பு அல்ல, அடர் சாம்பல். அது தெரியாமல் கறுஞ்சாயம் போட்டுவிட்டு, பம்பர் ஒரு நிறம், கதவுப் பட்டை ஒரு நிறம் என்று தவிப்பவர்கள் நிறையப் பேர்.

இந்த வேலையில் முக்கால் பங்கு கழுவுவதுதான். இத்தனை நாள் போட்ட பாலிஷ் முழுவதும் வெளியேறாவிட்டால் எந்த மருந்தும் பிடிக்காது. ஷாம்பூ போட்டுக் கழுவிய பிறகு, கார் கழுவும் கடைகளில் கிடைக்கும் ஆல் பர்ப்பஸ் கிளீனரில் 1 பங்குக்கு 4 பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, இரண்டு நிமிடம் ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் வட்டவட்டமாகத் தேயுங்கள். கிளீனர் காய்வதற்குள் அலசிவிட வேண்டும். முதல் தடவை பழுப்பு நுரை வரும். நுரை வெள்ளையாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். பாலிஷ் ஊறிப்போன பம்பருக்கு மூன்று தடவைகூட ஆகலாம். சுத்தமாகிவிட்டதா என்பதைத் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும். தெளித்த தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் சிலிக்கான் இன்னும் இருக்கிறது. படர்ந்து தாள்போல நின்றால் போதும். தூத்துக்குடியில் உப்புக் காற்றும் உண்டு என்பதால் கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் பயன்படுத்துங்கள்.

பிறகு நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். பம்பர் உடம்போடு சேரும் இடுக்கிலும் சொரசொரப்புக் குழிகளிலும் ஈரம் ஒளிந்திருக்கும். பாதி நாள் விடுவது நல்லது. காய்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்துவிடுங்கள்.

இனி மேலே பூசுவது. எண்ணெய் வகை டிரஸ்ஸிங்கை வாங்காதீர்கள். சாயமும் ரெசினும் கலந்த டிரிம் ரெஸ்டோரர் அல்லது பிளாஸ்டிக்குக்கு என்றே வரும் செராமிக் கோட்டிங், இரண்டில் ஒன்று போதும். நன்றாக வெளுத்ததற்குச் சாய வகைதான் சரி. லேசாக மங்கியதற்குச் செராமிக். இரண்டு பம்பர், மிரர், கைப்பிடி எல்லாம் சேர்த்து 30 முதல் 50 மி.லி. செலவாகும். பெயின்ட் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, ஸ்பாஞ்சில் நாலைந்து சொட்டு விட்டு, ஓர் அடி நீளம் பூசி, இரண்டு மூன்று நிமிடத்தில் மைக்ரோஃபைபர் துணியால் உபரியைத் துடைத்துவிட்டு அடுத்த அடிக்குப் போங்கள். துடைக்காமல் விட்ட இடம் காய்ந்ததும் எண்ணெய்த் திட்டாகப் பளபளக்கும், பிறகு எடுப்பது சிரமம். பெயின்டில் பட்டால் அப்போதே ஆல்கஹால் துணியால் துடையுங்கள். தேவைப்பட்டால் ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது கோட். 24 மணி நேரத்துக்குத் தண்ணீர் படக்கூடாது, ஒரு வாரத்துக்கு ஷாம்பூ வேண்டாம். பம்பர் கையில் சுடும் அளவு சூடாக இருக்கும்போது பூசினால் மருந்து பரவுவதற்குள் காய்ந்து வரிவரியாக நின்றுவிடும். காலை 8 மணிக்குள் முடிக்கும்படி தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இதைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: வெளுத்த பிளாஸ்டிக்கைக் கறுப்பாக்க மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், பூட் பாலிஷ். இதில் எது நல்லது? – வாசகர், விழுப்புரம்

பதில்: மூன்றும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் இரண்டு நாளில் தூசியைப் பிடித்துக்கொண்டு சேறாகும். பூட் பாலிஷ் வெயிலில் இளகிச் சேலையிலும் பேன்ட்டிலும் ஒட்டும். இவற்றில் கெடுதல் அதிகம் செய்வது மண்ணெண்ணெய். பிளாஸ்டிக்குக்குப் பக்கத்திலேயே இருக்கும் கதவு பீடிங் (கதவு, கண்ணாடி ஓரத்து ரப்பர் பட்டை) ஈ.பி.டி.எம். என்ற வகை ரப்பர்; பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அது ஊதி, நெகிழ்ந்து, வடிவம் கெட்டுப்போகும். வாட்டர் சர்வீஸ் முடித்துவிட்டு வண்டி முழுக்க டீசல் அடித்துத் துடைக்கும் கடைகளில், பீடிங் பக்கம் அடிக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஹீட் கன் காட்டினால் வெளுத்த பிளாஸ்டிக் கண் முன்னாலேயே கறுப்பாகிறது என்று வீடியோவில் பார்த்தேன். உண்மையா? பின்விளைவு உண்டா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உண்மைதான். உள்ளே இருக்கும் எண்ணெய் மேலே வருகிறது என்று வீடியோக்களில் சொல்வார்கள். முக்கியமாக நடப்பது வேறு: மேற்பரப்பு லேசாக உருகி நுண்வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன, வெளிச்சம் சிதறுவது நின்றுவிடுகிறது. தீர்ந்துபோன வெயில் மருந்து மட்டும் திரும்ப வருவதில்லை. அதனால் சில மாதங்களில் மறுபடி வெளுக்கும். ஒவ்வொரு தடவையும் கம்பெனி போட்ட சொரசொரப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, பம்பர் வழுவழுவென்று மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். ஒரு தடவைக்கு மேல் செய்ய வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

அந்த ஒரு தடவையும் எந்தப் பிளாஸ்டிக் என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். பெரும்பாலான பாகங்களின் உட்புறத்தில் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே அதன் பெயர்ச் சுருக்கம் அச்சாகியிருக்கும். பி.பி. சுமார் 160 டிகிரி செல்சியஸ் வரை உருகாது. மிரர் மூடி, கிரில் போன்றவை பல வண்டிகளில் ஏ.பி.எஸ். என்ற வேறு வகைப் பிளாஸ்டிக்; அது 100 டிகிரியைத் தாண்டியதும் தளர்ந்து வளைந்துவிடும். கதவுப் பட்டை பி.வி.சி. ஆக இருந்தால் சூடு காட்டவே கூடாது; கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், மூச்சுக்குக் கெடுதல். ஹீட் கன்னின் வாயில் காற்று 500 டிகிரிக்கும் மேல் இருக்கக்கூடும் என்பதால் 15 முதல் 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, கையை எங்கும் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நிறம் மாறியதும் அடுத்த இடத்துக்குப் போய்விடுங்கள். பக்கத்துப் பெயின்டை ஈரத் துணி போட்டு மூடுங்கள். முன்பே பம்பரைக் கழுவியிருக்க வேண்டும். அழுக்கோடு சூடு காட்டினால் அழுக்கும் சேர்ந்து உருகிப் பதிந்துவிடும். ஆறியதும் மேலே சொன்ன செராமிக் கோட்டிங் ஒன்று போட்டால்தான் பட்ட பாட்டுக்குப் பலன்.

கேள்வி: வெளுத்த பம்பருக்குப் பட்டறையில் கறுப்பு பெயின்ட் அடித்தேன். ஒரு வருடம்கூட ஆகவில்லை, வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன் காட்டியதும் தோல் உரிவதுபோல் உரிந்து வந்துவிட்டது. பெயின்ட் மட்டமானதா? – வாசகர், மதுரை

பதில்: பெயின்டைக் குறை சொல்ல முடியாது. உரிந்த தோலை எடுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். பளபளவென்று சுத்தமாக இருந்தால் பெயின்ட் பம்பரில் ஒருபோதும் ஒட்டவே இல்லை, சும்மா போர்த்திக்கொண்டிருந்தது. பாலிப்ரொப்பிலீனின் மேல் எதுவும் எளிதில் ஒட்டாது. அதற்காகவே பிளாஸ்டிக் பிரைமர் அல்லது அட்ஹீஷன் புரமோட்டர் என்ற ஒன்று பெயின்ட் கடைகளில் இருக்கிறது. நிறமில்லாத, தண்ணீர்போன்ற திரவம். பட்டறைகளில் நேரமும் காசும் மிச்சம் பிடிக்க இதைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள். தகரத்துக்கு அடிக்கும் சாதாரண சாம்பல் பிரைமர் இதற்கு ஈடாகாது.

மறுபடி அடிப்பதானால் பம்பரைக் கழற்றிவிடுங்கள். வண்டியிலேயே வைத்து அடித்தால் ஓரங்களில் பெயின்ட் சரியாகப் போகாது, உரிதல் அங்கேதான் தொடங்கும். பழைய பெயின்டைப் பிளாஸ்டிக் சுரண்டியாலும் பிரஷர் தண்ணீராலும் எடுங்கள். ஊறவைக்கும் ரிமூவரும் என்.சி. தின்னரும் வேண்டாம், பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். பிறகு சோப்புத் தண்ணீரோடு சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட்டால் முழுவதும் தேயுங்கள். வழுவழுப்பான பம்பர் என்றால் 600 நம்பர் வாட்டர் பேப்பர் பயன்படுத்தலாம். காய்ந்த நிலையில் முரட்டு எமரி போட்டால் பி.பி. பஞ்சுபோல மயிர் எழும்பி நிற்கும். அதை எந்தப் பெயின்டும் மறைக்காது.

காய்ந்த பிறகு வேக்ஸ்–சிலிக்கான் ரிமூவரால் ஒரு துணியில் துடைத்து, ஈரம் போவதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். ஒரே துணியால் துடைத்தால் சிலிக்கானை இடம் மாற்றி வைப்பதாகத்தான் ஆகும். பெயின்ட் அடித்ததும் அந்த இடங்களில் மீன் கண் மாதிரிக் குழிகள் விழும். அட்ஹீஷன் புரமோட்டர் மெல்லியதாக ஒன்று, ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று. அடுத்த பெயின்டை எவ்வளவு நேரத்துக்குள் அடிக்க வேண்டும் என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். அதைத் தாண்டிவிட்டால் பிடிப்பு போய்விடும், மறுபடி புரமோட்டர் அடிக்க வேண்டும். பெயின்ட் சாட்டின் பிளாக், அதாவது அரை மினுமினுப்புக் கறுப்பு. ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே பெயின்ட் என்றால் வளைந்து கொடுப்பதற்கான ஃப்ளெக்ஸ் அடிட்டிவ் சேர்க்கச் சொல்லுங்கள். மெல்லிய கோட்டாக மூன்று, இடையில் பத்துப் பத்து நிமிடம். ஸ்ப்ரே டின் என்றால் 20–25 செ.மீ. தள்ளி. 2கே பெயின்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கும்; துணி மாஸ்க் அதைத் தடுக்காது, அதனால் அதை வீட்டில் அடிக்க வேண்டாம், பெயின்ட் அடிப்பதற்கான மூடிய அறை (பூத்) உள்ள இடத்தில் கொடுங்கள். முடிந்ததும் ஒரு மாதத்துக்குப் பிரஷர் கன் காட்டக் கூடாது, அதற்குப் பிறகும் அரை மீட்டர் தள்ளியே.

ஒன்று சொல்ல வேண்டும். பம்பர் விரிசல் விட்டு, கிளிப் காதுகளும் உடைந்திருந்தால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம், மாற்றிவிடுங்கள். சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் நல்ல நிலையில் உள்ள கம்பெனி பம்பர் கிடைத்தால், விலை மலிந்த புது டூப்ளிகேட்டைவிட அது மேல். மலிவுப் பம்பரில் வெயில் மருந்து எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கேள்வி: காருக்கு வேக்ஸ் பாலிஷ் போட்ட பிறகு வைப்பருக்குக் கீழே உள்ள கறுப்புப் பிளாஸ்டிக்கில் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிட்டது. கழுவினாலும் போகவில்லை. – வாசகர், தாம்பரம்

பதில்: இது இரண்டில் ஒன்றாக இருக்கும். சொரசொரப்புக் குழிக்குள் மாவுபோல உட்கார்ந்திருந்தால் வேக்ஸ். மென்மையான பென்சில் அழிரப்பரால் தேய்த்தாலே நிறைய வந்துவிடும். மிச்சத்துக்கு ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். ஓரம் தெளிவாக, வட்டவட்டமாகத் தெரிந்தால் அது போர் தண்ணீர் உப்புக் கறை. வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துணியை நனைத்து, மூன்று நிமிடம் போர்த்தி வைத்து, தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். இந்த வேலையையும் நிழலில்தான் செய்ய வேண்டும். அடுத்த முறை பாலிஷ் போடுமுன் கறுப்புப் பாகங்களுக்கு டேப் ஒட்டிவிடுங்கள். பத்து நிமிட வேலை.

கேள்வி: தாத்தா காலத்து அம்பாசடர். பம்பர் குரோமில் பழுப்புப் புள்ளிகள், ஓரிடத்தில் செதில் செதிலாகப் பெயர்கிறது. கண்ணாடியைச் சுற்றியுள்ள வெள்ளைப் பட்டைகளும் மங்கிவிட்டன. குரோம் ஸ்ப்ரே அடிக்கலாமா? – வாசகர், காரைக்குடி

பதில்: ஸ்ப்ரே வேண்டாம். டப்பாவில் வருவது வெள்ளிநிறப் பெயின்ட்தான். கை பட்டதும் மங்கும், அடுத்து முலாம் போடப் போகும்போது அதைச் சுரண்டுவதற்கும் கூலி ஆகும்.

புள்ளியும் செதிலும் வெவ்வேறு நோய்கள். அம்பாசடர் பம்பர் இரும்பு. அதன்மேல் நிக்கல், அதற்கும் மேல் குரோம். குரோம் அடுக்கு ஒரு மைக்ரானுக்கும் குறைவு, பளபளப்புக்காக மட்டும். துருவைத் தடுப்பது அடியிலுள்ள நிக்கல்தான். நிக்கலில் உள்ள ஊசித் துளை வழியே ஈரம் இறங்கி, துரு மேலே எட்டிப் பார்ப்பதுதான் பழுப்புப் புள்ளி. சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மிருதுவானது, கீறல் விழாது. துரு மட்டும் கறுப்புக் குழம்பாக வந்துவிடும். துடைத்துவிட்டு மெட்டல் பாலிஷ், பிறகு வேக்ஸ். மாதம் ஒரு முறை வேக்ஸ் வைத்தால் புள்ளி திரும்ப வரத் தாமதமாகும். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் பக்கமே போகாதீர்கள்.

செதில் பெயர்ந்த இடத்துக்கு வைத்தியம் கிடையாது, முழு பம்பரையும் மறுபடி முலாம் போட வேண்டும். பட்டறையில் கேட்க வேண்டியது ஒன்றே: செம்பு, நிக்கல், குரோம் மூன்றும் போடுவீர்களா? பழைய முலாமை எடுத்து, ஒடுக்கு நிமிர்த்தி, பஃப் அடித்து, செம்பு ஏற்றி அதையும் பஃப் அடித்தால்தான் குழிகள் மறையும். நேராக நிக்கல் காட்டி குரோம் அடித்துக் கொடுப்பவர்களின் பம்பர் இரண்டாவது மழைக்காலத்தைத் தாங்காது. வந்ததும் உட்புறத்துக்கு ஜிங்க் பிரைமரும் பெயின்டும் அடித்துவிட்டுப் பொருத்துங்கள். முலாம் உள்பக்கம் மெல்லியதாகத்தான் ஏறும், துரு அங்கிருந்துதான் கிளம்பும். வீட்டில் குரோம் முலாம் போடும் முயற்சி எதுவும் வேண்டாம். அந்தக் கரைசலில் உள்ள ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது.

வெள்ளைப் பட்டை எந்த உலோகம் என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள். மெட்டல் பாலிஷை மறைவான மூலையில் ஒரு சொட்டு போட்டுத் தேயுங்கள். துணி உடனே கறுத்தால் வெறும் அலுமினியம். பாலிஷ் செய்து வேக்ஸ் வைக்கலாம். துணி கறுக்கவே இல்லை என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது அனோடைஸ் செய்த (மேலே காப்பு அடுக்கு ஏற்றிய) அலுமினியம். ஸ்டீல் பஃப் அடித்தால் புதிதுபோல் ஆகும். அனோடைஸ் செய்ததைத் தேய்த்தால் மேல் அடுக்கு போய்த் திட்டுத் திட்டாகிவிடும். அதற்கு மென்மையான ஷாம்பூ மட்டும் போதும்.

கேள்வி: கதவுப் பக்கவாட்டுப் பட்டை பாதி பிரிந்து தொங்குகிறது. இன்ஸ்டன்ட் பசை போட்டு ஒட்டினேன், நிற்கவில்லை. – வாசகர், சேலம்

பதில்: அந்தப் பசை காய்ந்தால் கண்ணாடிபோல் விறைக்கும், கதவை நாலு முறை சாத்தினால் விட்டுவிடும். பட்டையை ஹேர் டிரையரால் சூடாக்கி, மீன்பிடி நரம்பைப் பின்னால் விட்டு அறுத்து முழுவதுமாகக் கழற்றுங்கள். பாதியில் ஒட்டினால் நேர்கோடு வராது. பழைய நுரை டேப்பைக் கட்டைவிரலால் உருட்டி எடுத்து, இருபுறமும் ஆல்கஹாலால் துடையுங்கள். வண்டிக்கென்று விற்கும் அக்ரிலிக் நுரை இரட்டைப் பக்க டேப், சுமார் 1 மி.மீ. தடிமன். பட்டை பி.பி. என்றால் டேப் ஒட்டுமுன் அதற்கான பிரைமர் தடவ வேண்டும். கதவில் மாஸ்கிங் டேப்பால் கோடு போட்டுக்கொண்டு ஒட்டி, முழு நீளத்துக்கும் கையால் அழுத்துங்கள். முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும். அதுவரை தண்ணீர் வேண்டாம்.

கேள்வி: கதவுக் கண்ணாடிக்கு வெளியே இருக்கும் நீள ரப்பர் பீடிங் விறைத்து, வெடித்துவிட்டது. கறுப்பாக்க முடியுமா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: வெடித்த ரப்பரைக் கறுப்பாக்கிப் பயனில்லை. அதன் உதடு விறைத்ததும் இடையில் சிக்கும் மணல் கண்ணாடியில் செங்குத்துக் கோடுகள் போடும், மழைத் தண்ணீரும் கதவுக்குள் அளவுக்கு மேல் இறங்கும். மாற்றிவிடுங்கள். கண்ணாடியை முழுவதும் இறக்கி, கதவின் பின் ஓரத்தில் ஸ்க்ரூ இருக்கிறதா பாருங்கள். சில மாடல்களில் ஒன்று ஒளிந்திருக்கும். பெயின்டில் டேப் ஒட்டிவிட்டு, பிளாஸ்டிக் நெம்புகோலால் பின் முனையிலிருந்து மேல்நோக்கித் தூக்குங்கள். உள்ளே சேர்ந்திருக்கும் மண்ணைப் பிரஷ்ஷால் எடுத்த பிறகே புதியதை வைத்து, உள்ளங்கையால் தட்டி இறக்குங்கள். அப்படியே கதவின் அடி விளிம்பில் உள்ள வடிகால் ஓட்டைகளில் ஒரு ஒயரை விட்டுப் பாருங்கள், நாகர்கோவில் மழைக்கு அவை திறந்திருக்க வேண்டும். புது பீடிங்குக்கும் மற்றக் கதவு ரப்பர்களுக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சிலிக்கான் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்துத் தடவுங்கள். நேராக ரப்பர்மேல் அடித்தால் முன் கண்ணாடியில் தெறித்து, இரவில் வைப்பர் போடும்போது எதிர் வண்டி வெளிச்சத்தில் மங்கலடிக்கும்.